அச்சிட்ட வரி எங்கே போனது?

பைதானில் எழுதிய ஒரு செயற்கூறின் மேல் நிரலாளருக்குச் சந்தேகம் வருகிறது. நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்து, பைடெஸ்ட் கருவியைக் கொண்டு சோதனைகளை ஓட்டுகிறார். எல்லாம் தேறியதாகப் பச்சையில் வருகிறது. அச்சிடச் சொன்ன வரி மட்டும் திரையில் இல்லை. ‘அந்த இடத்துக்கு நிரல் போகவே இல்லை’ என்று முடிவு கட்டி, இல்லாத பிழையைத் தேடத் தொடங்குகிறார். தானியங்கிச் சோதனை எழுதப் பழகுகிறவர்களிடம் மிகப் பரவலாக இருக்கும் நம்பிக்கை இதுதான்: திரையில் தெரியாதது நடக்கவில்லை.

உண்மையில் அந்த வரி ஓடியிருக்கிறது, அச்சிட்டும் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்பாக நிரலின் வெளியீட்டுப் பாதையைப் பைடெஸ்ட் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. சோதனை தேறினால் பிடித்து வைத்ததைக் காட்டுவதில்லை. தோற்றால் மட்டும் பிழை விவரத்துக்குக் கீழே ‘கேப்சர்டு எஸ்டிடிஅவுட் கால்’ என்ற தலைப்பிட்டுக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான சோதனைகள் உள்ள திட்டத்தில் இப்படி ஒதுக்கி வைக்காவிட்டால் தோற்ற ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே இயல்பு அமைப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. எல்லாவற்றையும் உடனுக்குடன் பார்க்க வேண்டுமென்றால் கட்டளையோடு ‘-எஸ்’ சேர்த்தால் போதும். தேறிய சோதனைகளின் வெளியீட்டைக் கடைசியில் தொகுத்துக் காட்ட, ‘-ஆர்’ தெரிவோடு பெரிய ‘பி’ எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

பிடித்து வைக்கும் நேரத்தில் உள்ளீட்டுப் பாதையும் அடைபட்டிருக்கும். சோதனைக்குள் இன்புட் செயற்கூறை அழைத்தால் பதிலுக்குக் காத்திராமல் பிழையெழுந்து நிற்பது அதனால்தான்.

அடுத்த நம்பிக்கை கொஞ்சம் அனுபவம் உள்ளவர்களுடையது: “சிஸ் தொகுதியில் உள்ள எஸ்டிடிஅவுட்டை மாற்றி வைத்துவிட்டால் நிரல் அச்சிடும் எல்லாமே கைக்கு வந்துவிடும்.” பாதிதான் சரி. எஸ்டிடிஅவுட் என்று பைதானில் நாம் தொடுவது ஒரு பொருள், அவ்வளவே. அதற்கு அடியில் இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் எண்ணிட்ட பாதைகளைத் திறந்து தருகிறது: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. பைதானின் பிரிண்ட் அந்தப் பொருள் வழியாக 1-க்குப் போகிறது. சி மொழியில் எழுதிய நூலகம் பைதானைக் கேட்காமல் நேரே 1-இல் எழுதுகிறது. நிரல் கிளப்பிவிடும் துணைநிரலோ 1-ஐ மரபுரிமையாகப் பெற்றுக்கொண்டு தன் போக்கில் எழுதுகிறது. பைதான் பொருளை மாற்றுவது ஒரு வயலின் மடையை அடைப்பது. 1 என்ற பாதையையே திருப்புவது ஏரி மதகை அடைப்பது. 3.4 பதிப்பில் வந்த ரீடைரக்ட் எஸ்டிடிஅவுட் வசதி முதல் வகை. துணைநிரல்களின் வெளியீட்டை அது தொடாது என்று பைதான் ஆவணமே சொல்கிறது.

பைடெஸ்டில் இரண்டுக்கும் தனித்தனி உதவி உண்டு. கேப்சிஸ் பைதான் பொருளின் மட்டத்தில் பிடிக்கிறது, கேப்எஃப்டி எண்ணிட்ட பாதையின் மட்டத்தில் பிடிக்கிறது. பட நூலகமோ கணக்கீட்டு நூலகமோ சி மொழி வழியாக ஓர் எச்சரிக்கையைக் கக்குகிறது, அதைச் சோதிக்க வேண்டும் என்றால் கேப்சிஸில் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். அதைக் கண்டு ‘எச்சரிக்கை வரவில்லை’ என்று சோதனை எழுதிவிட்டால், அந்தச் சோதனை என்றைக்கும் தேறிக்கொண்டே இருக்கும். தோற்கும் சோதனையைவிட இப்படிப் பொய்யாகத் தேறும் சோதனை மோசமானது.

லாகிங் தொகுதியிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அதன் ஸ்ட்ரீம் ஹேண்ட்லர், தன்னை உருவாக்கிய நேரத்தில் எஸ்டிடிஎரர் எந்தப் பொருளோ அதையே பிடித்துக்கொள்கிறது. சோதனைக்கு முன்பே உருவாகியிருந்தால் பழைய பொருளில் எழுதும். சோதனைக்குள் உருவாகியிருந்தால், சோதனை முடிந்து மூடப்பட்ட பொருளில் எழுதப் போய் ‘மூடிய கோப்பில் எழுத முடியாது’ என்று புலம்பும். பதிவுச் செய்திகளைச் சோதிக்க கேப்லாக் என்ற தனி உதவி இருப்பதை இன்னும் பலர் பயன்படுத்துவதில்லை.

“சோதனை நகராமல் நிற்கிறது, எங்கோ முடிவில்லாச் சுழல் இருக்கிறது.” இருக்கலாம். ஆனால் சோதனை ஒரு துணைநிரலை பைப் வழியாக ஓட்டிவிட்டு வெயிட் என்று காத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட்டுகளைத்தான் தாங்கும். அது நிரம்பியதும் யாராவது படிக்கும்வரை துணைநிரல் நின்றுவிடும். தாய்நிரலோ துணைநிரல் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குறைவாக அச்சிட்டபோது ஓடிய சோதனை, விரிவான பதிவை இயக்கியதும் தொங்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான். படித்துக்கொண்டே காத்திருக்கும் கம்யூனிகேட் முறையையோ, அதை உள்ளே வைத்திருக்கும் ரன் செயற்கூறையோ பயன்படுத்தினால் இது நேராது. 3.7 பதிப்பு முதல் ரன்னில் கேப்சர் அவுட்புட் என்ற ஒற்றைத் தெரிவே போதும்.

திரையில் எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில்தான் நடந்தது என்பதும் தவறு. வெளியீடு திரைக்குப் போகும்போது வரிக்கு வரி வெளியேறும். கோப்புக்கோ பைப்புக்கோ போகும்போது இடையகத்தில் சேர்ந்து மொத்தமாக வெளியேறும். பிழைச்செய்திப் பாதை பைதான் 3.9 முதல் எப்போதும் வரிக்கு வரிதான். எனவே முதலில் அச்சிட்டது பின்னால் வரும். நிரல் நடுவில் முறிந்து விழுந்தால் இடையகத்தில் இருந்தது வராமலேயே போகும். ‘-யு’ தெரிவோடு பைதானை ஓட்டினால் இடையகம் விலகிவிடும்.

தமிழில் அச்சிடும் நிரல்களுக்கு விண்டோஸில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது; அதே நிரலைத் துணைநிரலாக ஓட்டிச் சோதனை அதன் வெளியீட்டைப் பிடிக்கும்போது ‘சார்மேப் குறியீட்டில் எழுத முடியவில்லை’ என்று விழுகிறது. எழுத்துரு சரியில்லை, யூனிகோடு நிறுவப்படவில்லை என்றெல்லாம் சொல்லப்படுகிறது. எழுத்துருவுக்கு இதில் வேலையே இல்லை. பைதான் 3.6 முதல் விண்டோஸ் திரைக்கு யூடிஎஃப்-8 வழியாக எழுதுகிறது. வெளியீட்டைத் திருப்பிவிட்டாலோ கணினியின் பழைய குறிப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆங்கில அமைப்புள்ள கணினிகளில் அது பெரும்பாலும் 1252, அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. சூழல் மாறியில் பைதான் யூடிஎஃப்8 என்பதற்கு 1 என்று மதிப்பளித்தால் தீர்ந்தது. துணைநிரலைப் பிடிக்கும் பக்கத்திலும் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இனி நிறுவுதல். பிப் கொண்டு ஒரு தொகுப்பை நிறுவப் போய்த் தோற்றவர்கள் உதவி கேட்கும்போது பெரும்பாலும் கடைசி வரியை மட்டும் அனுப்புகிறார்கள். பிழைச்செய்தியின் கடைசி வரியில் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை அது. பிப் விஷயத்தில் கடைசி வரிகள் சொல்வது, ‘துணைநிரல் பிழையோடு முடிந்தது, இது பிப்பின் குறையாக இருக்க வாய்ப்பில்லை’ என்பதுதான். சோதனைக் கருவி செய்கிற அதே வேலையைப் பிப்பும் செய்கிறது: தொகுப்பைக் கட்டும் நிரலைத் தனியாக ஓட்டி, அதன் வெளியீட்டைப் பிடித்து வைத்து, தோற்றால் மட்டும் காட்டுகிறது. காரணம் அந்தப் பிடிபட்ட பகுதியின் நடுவில் கிடக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான சைக்கோபிஜி2 தொகுப்பை மூலத்திலிருந்து கட்டும்போது ‘பிஜி கான்ஃபிக் காணோம்’ என்ற வரி அங்கேதான் இருக்கும். ‘பைதான்.எச் கோப்பு இல்லை’ என்பதும் அப்படியே. உபுண்டுவிலும் டெபியனிலும் பைதான்3-டெவ் தொகுப்பைப் போட்டால் அது சரியாகிவிடும். மேலிருந்து கீழாகப் படித்து முதலில் தென்படும் பிழையைப் பிடிப்பதுதான் வழி. ‘-வி’ சேர்த்தால் ஒளித்து வைக்காமல் எல்லாவற்றையும் ஓட ஓடக் காட்டும்.

“பொருத்தமான தொகுப்பு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயரில் தொகுப்பே இல்லை.” 2024 அக்டோபரில் பைதான் 3.13 வந்ததும் அதை ஆவலோடு நிறுவிய பலருக்கு டென்சர்ஃப்ளோ இந்தப் பதிலைத்தான் தந்தது. டென்சர்ஃப்ளோ அன்றும் இருந்தது, 3.13-க்கென்று கட்டிய வீல் கோப்புதான் இல்லை. வீல் கோப்பின் பெயரிலேயே பைதான் பதிப்பு, இயங்குதளம், செயலி வகை மூன்றும் இருக்கும். மூன்றும் பொருந்தாதவற்றைப் பிப் கணக்கிலேயே எடுக்காது. மூலப்பொதி இருந்தால் அதைக் கட்டிப் பார்க்கும். பைதான் 3.12-இல் நம்பை 1.24-ஐக் கேட்டால் நேர்வது இதுதான்: வீல் இல்லாததால் மூலத்தைக் கட்டத் தொடங்கி, 3.12-இல் நீக்கப்பட்ட பழைய வசதிகளைத் தேடி முறிந்து விழும். நிறுவுகிறவர் ஒரு தவறும் செய்யவில்லை. அந்தப் பைதானுக்கான நம்பை 1.26-இல் தொடங்குகிறது.

நிறுவிய பிறகும் ‘அந்தப் பெயரில் தொகுதி இல்லை’ என்று வந்தால் மறுபடி மறுபடி நிறுவுவதில் பயனில்லை. பெரும்பாலும் பிப் ஒரு பைதானுக்கு நிறுவியிருக்கும், நிரலை ஓட்டுவது இன்னொரு பைதான். பிப்பைத் தனியாக அழைக்காமல், நிரலை ஓட்டும் அதே பைதானை ‘-எம்’ தெரிவோடு அழைத்து அதன் வழியே பிப்பை ஓட்டினால் குழப்பம் போகும். நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறாக இருப்பதும் உண்டு: பில்லோவை நிறுவி பிஐஎல் என்று அழைக்கிறோம், ஓபன்சிவி-பைதானை நிறுவி சிவி2 என்று அழைக்கிறோம். பெயரை ஊகித்து நிறுவுவது ஆபத்து. 2017-இல் யூஆர்எல்லிப்3-இன் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்தது உட்பட பத்துப் போலித் தொகுப்புகளை ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் கண்டுபிடித்து அறிவித்தது.

எதற்கும் சூடோ சேர்த்தால் நிறுவப்பட்டுவிடும் என்ற பழக்கத்துக்கு 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 தடை போட்டது. இயங்குதளம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பைதானில் பிப் கைவைக்க மறுத்து, மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. தடையை மீறும் தெரிவுக்கே ‘கணினித் தொகுப்புகளை உடை’ என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

உதவி கேட்பதற்காகப் பதிவைக் கோப்பில் பிடிக்கும்போதும் கவனம் தேவை. கட்டளைக்குப் பின்னால் ‘>’ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் 1-ஆம் பாதை மட்டுமே கோப்புக்குப் போகும். பிப் தன் எச்சரிக்கைகளையும் பிழைகளையும் 2-இல் எழுதுகிறது. எனவே கோப்பில் பிழையைத் தவிர எல்லாம் இருக்கும். கோப்பின் பெயருக்குப் பிறகு ‘2>&1’ சேர்க்க வேண்டும். அதை முன்னால் போட்டால் 2 பழைய இடத்திலேயே, திரையிலேயே நின்றுவிடும். பிப்புக்கென்றே லாக் என்ற தெரிவும் உண்டு, அது விரிவான பதிவைத் தானே கோப்பில் எழுதிவிடும். தானியங்கி ஓட்டங்களில் டீ கட்டளை வழியாகப் பதிவு பிடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பாஷ் அந்த வரியின் முடிவாக எடுத்துக்கொள்வது டீ தரும் வெற்றிக் குறியை, பிப் தந்த தோல்விக் குறியை அல்ல. பைப்ஃபெயில் அமைப்பை இயக்கி வைத்தால் நிறுவல் தோற்றது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தில், வேறொரு பிழையின் பெயரில் தெரியவரும்.