உடலுக்குள் பொருத்திய கருவி திரும்பப் பெறப்பட்டால்: இழப்பீடு கோரும் வழிகள்

இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, இதய ஸ்டென்ட், பேஸ்மேக்கர் என உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகளோடு வாழ்வோர் கொடுமுடி வட்டாரத்தில் இன்று ஏராளம். அவர்களுள் முன்னாள் படைவீரர்களும் கணிசமானோர். தயாரிப்பாளரே ஒரு கருவியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றால், அதைச் சுமந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும், யாரிடம் இழப்பீடு கோர வேண்டும் என்ற கேள்வியை நோயாளர்கள் எங்களிடம் அடிக்கடி எழுப்புகின்றனர். இந்தியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கொண்டே இதை விளக்க முற்படுகிறோம்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்னும் செயற்கை இடுப்பு மூட்டைத் தயாரித்தது. அதன் பந்தும் கிண்ணமும் உலோகத்தால் ஆனவை. கிண்ணத்தின் ஆழம் குறைவாக இருந்ததால் விளிம்பில் உராய்வு மிகுந்து, கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள தசையிலும் இரத்தத்திலும் கலந்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றில் 12 அல்லது 13 பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதை இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அக்கருவி திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. டாக்டர் அருண்குமார் அகர்வால் தலைமையில் 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு 2018 பிப்ரவரியில் அறிக்கை அளித்தபோது, அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. முகவரி மாறிவிட்டது, தொலைபேசி எண் மாறிவிட்டது, எந்தக் கருவி தம் உடலில் உள்ளது என்பதையும் பலர் அறிந்திருக்கவில்லை. இந்த வழக்கில் எம்மை மிகவும் உறுத்துவது இதுவே. இழப்பீடு அறிவிக்கப்பட்டும், அதைப் பெற உரியவர் தாம் உரியவர் என்பதையே அறியாதிருந்தார்.

குறைந்தது 20 லட்சம் ரூபாய் வழங்கப்பட வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஊனத்தின் விகிதத்தையும் வயதையும் கணக்கில் கொண்டு 30 லட்சம் முதல் சுமார் 1.23 கோடி ரூபாய் வரை தரலாம் என 2018 நவம்பரில் அரசு ஒரு கணக்கீட்டு முறையை ஏற்றது. நிறுவனம் அதனை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 2019 மே மாதத்தில், மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நிறுவனம் முன்வந்தது. அமெரிக்காவில் சுமார் 8,000 பேருக்காக 250 கோடி டாலர் அளவிலான உடன்பாடு 2013-லேயே எட்டப்பட்டிருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இவ்வளவு காலம் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. விற்பனையில் உள்ள கருவி பழுதுபட்டால் நோயாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று வரையறுக்கும் விதி மருந்துச் சட்டத்தில் அப்போது இல்லை. இன்றைய நிலையில் சாதாரண நோயாளிக்குக் கைக்கெட்டும் வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழுதான பொருளால் ஏற்பட்ட உடல் தீங்குக்குத் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் விற்பனையாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் தனி அத்தியாயமே உள்ளது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், அதாவது நம் வாசகர்கள் ஈரோட்டிலேயே, முறையீடு செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் என்பது காலவரம்பு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

முன்னாள் படைவீரர்கள் ஓர் ஐயத்தைக் கேட்பதுண்டு: "நாங்கள் பணம் கட்டவில்லையே, இ.சி.எச்.எஸ். தானே கட்டியது, நாங்கள் எப்படி நுகர்வோர்?" சிகிச்சைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமோ பணியளிப்பவரோ செலுத்தினாலும் நோயாளி நுகர்வோரே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் கூறியுள்ளது. இத்திட்டமோ உறுப்பினர் சந்தா செலுத்திச் சேர்வது. ஆகவே தயங்க வேண்டியதில்லை. ஆயினும் தத்தம் வழக்கின் விவரத்தைச் சட்ட ஆலோசகரிடம் காட்டித் தெளிவு பெறுவது நன்று. பணமில்லாச் சிகிச்சையில் கருவியின் விலைப்பட்டியல் நோயாளியின் கைக்கு வராமலே திட்ட அலுவலகத்துக்குப் போய்விடக்கூடும். வீடு திரும்பும் நாளிலேயே அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைப் பற்றிச் சற்று வலியுறுத்த விரும்புகிறோம். கருவியின் பெட்டியில் வரும் ஒட்டுச்சீட்டு, மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும். தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், தொகுதி எண் ஆகியவை அதில் இருக்கும். உள்நோயாளிப் பதிவுகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதே 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கருவியின் பழுதோ ஐந்து, ஏழு ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம்! நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. ஒட்டுச்சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, மகனிடமோ மகளிடமோ ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள். மறு அறுவை சிகிச்சை நேர்ந்தால், அகற்றப்படும் கருவியை அழித்துவிடாமல் பாதுகாக்குமாறு அறுவைக்கு முன்பே எழுத்து மூலம் கேளுங்கள். வழக்கில் அதுவே முதன்மைச் சான்று.

திரும்பப் பெறப்பட்ட கருவி என்றவுடன் அதை அகற்றியாக வேண்டும் என்று பொருளல்ல. ஏ.எஸ்.ஆர். பொருத்தியவர்களிலும் பெரும்பான்மையோருக்கு முதல் ஐந்தாண்டில் மறு அறுவை தேவைப்படவில்லை. இன்று இடுப்பு மூட்டு பெறுவோரில் பெரும்பாலோருக்குப் பொருத்தப்படுபவை பாலிஎத்திலீன் அல்லது பீங்கான் பரப்பு கொண்டவை. அவற்றுக்கு இவ்வுலோகக் கலப்பு அச்சம் பொருந்தாது. உலோக மூட்டு உள்ளவர்களுக்குத் தொடையிடுக்கில் வலி, வீக்கம், நடையில் நொண்டல் தோன்றினால் படம் எடுத்துப் பார்ப்பதும், இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவை அறிவதும் அவசியம். நூறு கோடியில் ஏழு பங்கைத் தாண்டினால் நெருங்கிய கண்காணிப்பு தேவை.

எந்தக் கருவியாயினும் ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2015 முதல் மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைத் தொகுத்து ஆராய்ந்து வருகிறது. புகாரைப் பதிவு செய்தபின் தரப்படும் எண்ணையும் உங்கள் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.