ரப்பர் மரத்துக்கு எந்த உளி?

கேள்வி: ரப்பர் மரத்துண்டுகளில் சின்ன யானை, மயில் செதுக்குகிறேன். மின்கருவி வாங்கலாமா?
– வாசகர், கீரிப்பாறை

பதில்: வாங்கலாம். ஆனால் முதலில் நல்ல உளிகள்: தட்டை, குழிவு, வி வடிவம், ஒவ்வொன்று போதும். பன்னிரண்டு உளிப் பெட்டி வேண்டாம், பாதி துருப்பிடிக்கத்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் மரப் பூக்களெல்லாம் கையுளி வேலை!

மரத்தைக் கழித்தெடுக்க, தொங்கவிடும் மோட்டாரும் வளையும் தண்டும் உள்ள கருவி. முன்னும் பின்னும் அடிக்கும் ஹேண்ட்பீஸை மாட்டி, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். இறகு, கண் போன்ற நுணுக்கத்துக்கு மைக்ரோமோட்டார். நிமிடத்துக்கு 35,000 சுற்று வரை ஓடும். பெரும்பாலும் 2.35 மி.மீ. பிட்தான் அதில் நுழையும், 3 மி.மீ. பிட்டை வாங்கிவிடாதீர்கள். தூளுக்கு முகக்கவசம் கட்டாயம்.

இன்னொன்று: போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறாத ரப்பர் மரத்தை வண்டு விடாது.