நிலாவில் நின்று கிரகணம் பார்க்கலாம்

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்த சித்தப்பா கேட்டார்: "ஏம்பா, பூமியோட நிழல் கறுப்பாத்தானே இருக்கணும்? நிலா ஏன் செவப்பா இருக்கு?" வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் காட்டினேன்.

இதற்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். திறந்ததும் தெரியும் வானம் உங்கள் ஊருடையது என்று நம்பிவிடாதீர்கள். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எஃப்6 கீயை அழுத்தினால் இடத்தைக் குறிக்கும் விண்டோ வரும். அதில் உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் எண்களை நீங்களே டைப் செய்யலாம். கடலூருக்கு அட்சரேகை வடக்கு 11.75, தீர்க்கரேகை கிழக்கு 79.75. சிதம்பரத்துக்கு 11.40, 79.69.

அடுத்து எஃப்5. தேதியை 2025 செப்டம்பர் 7 என்றும், நேரத்தை இரவு 11.42 என்றும் மாற்றுங்கள். கிரகணத்தின் உச்சம் அதுதான். நிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே தெரியும்.

இப்போது நேரத்தை இரவு 10 மணிக்குக் கொண்டு போங்கள். மறுபடி எஃப்6. கிரகம் என்ற இடத்தில் பூமியை எடுத்துவிட்டு நிலாவைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் கடலூருடையதாகவே இருக்கட்டும். (கீழே உள்ள கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு மாறி 5.30 மணி குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம்.) எஃப்3 அழுத்தி, ஆங்கிலத்தில் 'எர்த்' என்று டைப் செய்து என்டர் தட்டினால் பூமி வந்து நிற்கும். தரை மறைத்தால் ஜி கீயை அழுத்துங்கள்.

நிலாவின் 'கடலூரில்' பூமி மேற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில் நிற்கிறது. நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால், பூமி அங்கே உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. இலேசாக ஆடும், அவ்வளவுதான். இரண்டு எண்களையும் 0 ஆக்கிப் பாருங்கள், பூமி உச்சந்தலைக்குப் போய்விடும்! பிறகு மறக்காமல் கடலூர் எண்களையே திரும்பப் போட்டுவிடுங்கள்.

இனி எல் கீயைச் சில முறை தட்டுங்கள், நேரம் வேகமாக ஓடும். கே அழுத்தினால் இயல்பு வேகத்துக்குத் திரும்பும். சூரியன் மெல்ல மெல்ல பூமிக்குப் பின்னால் நுழைகிறது. நம் நேரப்படி 11 மணி வாக்கில் முழுதாக மறைந்துவிடும். அங்கிருந்து பார்த்தால் பூமி சூரியனைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அகலம். நமக்குச் சந்திர கிரகணம், அங்கே நிற்பவருக்குச் சூரிய கிரகணம்!

சித்தப்பாவின் கேள்விக்கு விடை இந்தக் கறுத்த பூமியின் விளிம்பில் இருக்கிறது. அங்கே நிஜமாகவே நிற்பவருக்கு அந்த விளிம்பு முழுக்கச் செந்நிற வளையமாகத் தெரியும். சூரிய ஒளி பூமியின் காற்று மண்டலம் வழியே வளைந்து வரும்போது நீலம் சிதறிப்போகிறது, சிவப்பு மட்டும் நிலாவை எட்டுகிறது. அந்த நொடியில் உலகில் நடக்கும் எல்லா உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்த சிவப்பு அது.

2028 டிசம்பர் 31 இரவும் நம் ஊரில் முழுச் சந்திர கிரகணம் உண்டு. எஃப்5-ல் அந்தத் தேதியைப் போட்டு, இரவு 10.22 மணிக்கு இரண்டு ஊரிலும் நின்று பார்த்துவிடுங்கள்.