வீட்டுக்காவலும் விடுதலை உரிமையும்



திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருப்பீர்கள். புனித சின்னப்பர் உரோமை நகரில், தம் செலவில் எடுத்த வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கினார், தேடி வந்தோரையெல்லாம் வரவேற்றுப் போதித்தார் என்று அந்நூல் முடிகிறது. கேட்பதற்கு அமைதியான காட்சிதான். ஆனால் அவருக்குக் காவலாக ஒரு போர்வீரன் இருந்ததையும், அவர் சங்கிலியால் கட்டுண்டிருந்ததையும் அதே அதிகாரம் சொல்கிறது. அதற்கு முன்பே செசரியாவில் இரண்டு ஆண்டுகள் காவலில் கழிந்திருந்தன. ஆளுநன் பெலிக்ஸ் கையூட்டை எதிர்பார்த்து வழக்கை இழுத்தடித்தான். பின்னர் வந்த பெஸ்துவும் அகிரிப்பா அரசனும், மரணத்துக்கோ சிறைக்கோ உரிய குற்றம் எதையும் இவர் செய்யவில்லை என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். என்றாலும் அவர் கைதியாகவே கப்பலேறினார்.

தீர்ப்புக்கு முன் ஒருவரை அவர் வீட்டிலேயே அடைத்துவைப்பதை இன்று வீட்டுக்காவல் என்கிறோம். சிறையை விட இது மேல் என்பதில் ஐயமில்லை. சொந்தப் பாய், வீட்டுச் சோறு, பிள்ளைகளின் முகம். இத்தனை இருக்கும்போது இதையும் விடுதலைப் பறிப்பு என்று சொல்லலாமா? "வீட்டில்தானே இருக்கிறாய், உனக்கென்ன குறை?" என்பது பெண்களுக்கு நன்கு பழகிய பேச்சு. ஆகவே இந்தக் கேள்வியை நம் மாணவியர் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு விடை சொன்ன வழக்கு ஒன்று மால்டோவா நாட்டில் பிறந்தது. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே உள்ள சிறிய நாடு அது. புசாஜி என்ற தொழிலதிபர் 2007 மே மாதம் கைது செய்யப்பட்டார். முதலில் சிறை, ஜூலை முதல் வீட்டுக்காவல், 2008 மார்ச் மாதம் ஜாமீன். மொத்தம் பத்து மாதங்கள். வழக்கு பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. 1950-இல் உரோமையில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின்படி நாடுகள் நடக்கின்றனவா என்று பார்ப்பது இந்நீதிமன்றம். அவ்வுடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு விடுதலை உரிமையைப் பேசுகிறது.

அரசின் வாதம் கவனிக்கத்தக்கது. வீட்டுக்காவல் மென்மையானது, மேலும் அதை அவரே கேட்டு வாங்கினார், அப்புறம் என்ன குறை என்றது அரசு. சிறைக்குள் இருப்பவரிடம் "வீட்டுக்குப் போகிறாயா?" என்றால் யார்தான் வேண்டாம் என்பார்! 2016 ஜூலை 5 அன்று நீதிமன்றத்தின் பெரிய அமர்வு இவ்வாதத்தை ஏற்கவில்லை. வீட்டுக்காவலும் விடுதலைப் பறிப்பே. அவர் அதற்கு இசைந்ததால் உரிமையைக் கைவிட்டார் என்று கொள்ள முடியாது. சிறைக்கு ஒரு அளவுகோல், வீட்டுக்கு வேறொன்று என்றும் வைக்க முடியாது என்றது. தப்பி ஓடுவார், சாட்சிகளைக் கலைப்பார், மீண்டும் குற்றம் செய்வார் என்பன போன்ற அச்சங்களுக்கு உண்மையான ஆதாரத்தை நீதிபதி காட்ட வேண்டும். சட்டத்தில் உள்ள சொற்களைப் பெயர்த்தெழுதினால் போதாது. நெடுநாள் கழித்தல்ல, கைதுக்குப் பின் முதன்முதலாகக் காவலில் வைக்க ஆணையிடும்போதே இக்காரணங்களைச் சொல்ல வேண்டும். எனக்கு இதுவே தீர்ப்பின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. காரணம் கேட்கப்படாத முதல் சில வாரங்களிலேயே வேலையும் நற்பெயரும் போய்விடுகின்றன அல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கிறது. 22-ஆம் பிரிவின்படி கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாள்களுக்குள் வராவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. சில தனிச் சட்டங்களில் இக்கெடு நீளும். எனவே நாள் கணக்கு என்பது இங்கே வெறும் கணக்கல்ல.

எழுத்தாளர் கௌதம் நவ்லாகா 2018 ஆகஸ்ட் 28 அன்று கைதாகி, அக்டோபர் 1 வரை 34 நாள்கள் டெல்லியில் வீட்டுக்காவலில் இருந்தார். 2020-இல் மறுபடியும் காவலில் எடுக்கப்பட்டபோது, அந்த 34 நாள்களையும் சேர்த்தால் 90 நாள் கடந்துவிட்டது, ஆகவே ஜாமீன் வேண்டும் என்று கேட்டார். உச்ச நீதிமன்றம் 2021 மே 12 அன்று தீர்ப்புச் சொன்னது. வயது, உடல்நிலை, குற்றத்தின் தன்மை முதலியவற்றைப் பார்த்து, தகுந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் வீட்டுக்காவலுக்கு ஆணையிடலாம் என்றது. இது புதிய வாசல். ஆனால் அவருடைய 34 நாள்கள் உரிய சட்டப்பிரிவின்கீழ் விதிக்கப்பட்ட காவல் அல்ல என்பதால் கணக்கில் சேரா என்றும் கூறியது. கதவுக்கு வெளியே காவலர் நின்ற நாள்கள் அவை.

2022 நவம்பரில் உடல்நலம் கருதி அவருக்கு மீண்டும் வீட்டுக்காவல் கிடைத்தது. கண்காணிப்புக்கான செலவு அவர் தலையிலேயே விழுந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய ஜாமீனுக்கு இருந்த தடையை நீக்கியபோது, அச்செலவுக்காக 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. சின்னப்பர் கொடுத்தது வீட்டு வாடகை; காவல் நின்ற வீரனுக்கு அவர் கூலி கொடுத்ததாக விவிலியத்தில் இல்லை.