முன் ஷாக்கில் ஆயில் கசிகிறதா?

சாகுபுரம், ஆறுமுகநேரி உப்புக்காற்றில் ஃபோர்க் குழாய் சீக்கிரம் துருப்புள்ளி பிடிக்கும். அதுதான் ஆயில் சீலைக் கிழிக்கிறது. வீட்டிலேயே மாற்ற:

1. குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் புதுச் சீலும் நிற்காது. லேசான புள்ளிக்கு 2000-ம் நம்பர் எமரி தாளை எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம்.

2. அடி போல்ட்டுக்குத் தரமான, நீண்ட அலன் கீ வாங்குங்கள். மட்டமானது போல்ட் தலையை உருட்டிவிடும். மேல் மூடியைக் கழற்றுமுன்பே இந்த போல்ட்டை இளக்குங்கள்: ஸ்பிரிங் அழுத்தி நின்றால்தான் உள்தண்டு கூடவே சுற்றாது.

3. சீல் டிரைவர் வீண் செலவு. குழாய்மேல் நுழையும் பி.வி.சி. பைப் துண்டு போதும். பழைய சீலை இடையில் வைத்துத் தட்டினால் புதுசு கோணாது.

4. ஆயிலுக்கு அளவுக்குவளை. இருபக்கமும் கையேட்டு அளவுதான்.

பிரேக்கில் ஆயில் பட்டிருந்தால் பேடையும் மாற்றிவிடுங்கள்.