மெஷினில் யார் கை வைக்கலாம்? மில்லுக்கு ஒரு பாஸ்வேர்டு வழிகாட்டி

தேனி வட்டாரத்து நூற்பாலைகளில் முன்பு கவுண்ட் மாற்ற வேண்டுமானால், ஃபிட்டர் ஸ்பேனரோடு வந்து பல்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவார். ஷிஃப்டே பார்க்கும். சர்வோ மோட்டாரில் ஓடும் புதிய ரிங் ஃபிரேமில் ட்ராஃப்ட் (இழுவை), டிபிஐ (முறுக்கு), ஸ்பிண்டில் வேகம் மூன்றும் திரையில் விரல் பட்டாலே மாறிவிடும். 40ஸ் கவுண்ட் ஓட வேண்டிய இடத்தில் யாரோ ட்ராஃப்டைக் கூட்டி நூல் மெலிந்துபோனால், பழி அங்கே மெஷினைப் பார்க்கும் சைடர் மேல்தான் விழும். அந்த வீண்பழியைத் தடுப்பதுதான் அனுமதிக் கட்டுப்பாட்டின் முதல் பயன். இதில் புழங்கும் சொற்களை, செய்ய வேண்டிய வரிசையிலேயே பார்ப்போம்.

1. யூசர் கணக்கு
ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு. 'ஆபரேட்டர்' என்ற பொதுப் பெயரில் மூன்று ஷிஃப்டும் நுழைந்தால், தவறு நடந்த அன்று யாரையும் கேட்க முடியாது.

2. அடையாளச் சரிபார்ப்பு
கணக்குக்கு உரியவர்தான் வந்திருக்கிறாரா என்று மெஷின் கேட்பது இது. பாஸ்வேர்டு, அட்டை, கைரேகை எதுவாகவும் இருக்கலாம். வேலையில் ரேகை தேய்ந்த கைகளுக்கு அட்டையே வசதி. மெஷினோடு கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை நிறுவிய அன்றே மாற்றுங்கள்.

3. ரோலும் அனுமதியும்
உள்ளே வந்தவர் எதைத் தொடலாம் என்பது அனுமதி. வேலைக்கேற்ப அனுமதிகளைக் கட்டிவைத்த தொகுப்பு ரோல். முதலில் தாளில் எழுதுங்கள்:
- சைடர்: திரையைப் பார்க்கலாம், ஓட்டலாம், நிறுத்தலாம்.
- ஃபிட்டர்: அலாரம், பராமரிப்புப் பக்கங்கள்.
- சூப்பர்வைசர்: குறித்த எல்லைக்குள் வேகம்.
- ஸ்பின்னிங் மாஸ்டர்: ட்ராஃப்ட், டிபிஐ.
- அட்மின்: கணக்கு தொடங்குவது, முடக்குவது மட்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பாஸ்வேர்டு கூடாது. ஆபத்தில் யார் கையும் அதை அழுத்தலாம்.

4. குறைந்தபட்ச அனுமதி
வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடுப்பது. இது சோதனைக்கு உள்ளாகும் காலம், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. தீச்சட்டி எடுக்க லீவு போட்ட சூப்பர்வைசர் தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவார். விழா முடிந்தும் அது பத்துப் பேர் வாயில் இருக்கும். அதற்குப் பதிலாக, அவருக்காக நிற்பவரின் சொந்தக் கணக்கிலேயே அந்த எட்டு நாளுக்கு மட்டும் சூப்பர்வைசர் அனுமதி கொடுங்கள். முடிவுத் தேதியையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

5. லாக்
யார், எப்போது, பழைய அளவு என்ன, புதிய அளவு என்ன என்று மெஷினே எழுதும் பதிவேடு. மெஷின் கடிகாரம் சரியாக ஓடினால்தான் இது சாட்சியாகும். கம்பெனிகள் கணினி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. மெஷின் லாக்குக்கும் அதையே அளவாக வையுங்கள்.

6. கணக்கை முடக்குதல்
ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000-இல், கழிவுநீர்க் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர், லேப்டாப்பும் ரேடியோ கருவியும் கொண்டு பம்புகளைக் குழப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. அதனால் வேலையை விட்டவரின் கணக்கைக் கடைசி நாளிலேயே முடக்குங்கள். லேப்டாப், அட்டை, மென்பொருள் எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். மெஷின் கம்பெனி சர்வீஸ் ஆளுக்கும் இதே விதி.

7. நெட்வொர்க் பிரிப்பு
2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் மால்வேர் புகுந்தது. உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. அதேபோல மில்லிலும் ஆபீஸ் மெயில் பார்க்கும் கணினியும் மெஷின் கணினியும் ஒரே இணைப்பில் இருக்கவேண்டாம். தொலைவிலிருந்து சர்வீஸ் பார்க்கும் இணைப்பை வேலை நேரத்துக்கு மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

இவற்றைத் தொடங்கும் முன் சைடர், டாஃபர், ஃபிட்டர் எல்லோரையும் உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். லாக்கில் தங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்டுங்கள். தன்னைக் காக்கும் பதிவு அது என்று தெரிந்த தொழிலாளி, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கமாட்டார்.