அணையை இடிக்கும் முன் வண்டலைப் பாருங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எல்வா நதியின் இரண்டு அணைகளை அகற்ற 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. இடிக்கத் தொடங்கியதோ 2011 செப்டம்பரில். 33 மீட்டர் உயர எல்வா அணை ஆறே மாதத்தில் போய்விட்டது. 64 மீட்டர் உயர கிளைன்ஸ் கேன்யன் அணையின் கடைசித் துண்டு 2014 ஆகஸ்டில் தகர்ந்தது. மூன்றாண்டு வேலைக்கு ஏறக்குறைய இருபதாண்டு ஆயத்தம். கான்கிரீட்டை உடைக்க எந்த ஒப்பந்ததாரராலும் முடியும். அதன் பின்னால் சேர்ந்துகிடந்த சுமார் 2.1 கோடி கன மீட்டர் மண்ணையும் மணலையும் கல்லையும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியவை

• வண்டலில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதியுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். ஹட்சன் நதியில் ஃபோர்ட் எட்வர்ட் அணையை 1973இல் எடுத்தபோது, ஆலைக் கழிவிலிருந்து வந்து படிந்திருந்த பிசிபி நச்சு வண்டலோடு சேர்ந்து கீழே போனது. மொன்டானாவின் மில்டவுன் அணையில் சுரங்கக் கழிவின் ஆர்சனிக்கும் செம்பும் இருப்பது முன்பே தெரியும். அதனால் மோசமான வண்டலைத் தோண்டி ரயிலில் ஏற்றி அனுப்பும் ஏற்பாட்டோடுதான் 2008இல் அணையைத் திறந்துவிட்டார்கள்.

• கீழே தண்ணீர் எடுக்கும் ஊருக்கு முதலில் வழி செய்யுங்கள். எல்வாவில் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிவிட்டே அணையில் கை வைத்தார்கள். அப்படியும் 2012இல் வண்டலோடு இலையும் சுள்ளியும் வந்து வடிகட்டிகளை அடைத்தன. கிளைன்ஸ் கேன்யனில் இடிப்பு வேலை ஏறத்தாழ ஓராண்டு நின்றது. ஆறு மண்ணை மட்டும் கொண்டுவராது. திட்டத்தில் குப்பைக்கும் இடம் இருக்கட்டும்.

• மேலிருந்து சிறிது சிறிதாக வெட்டி இறக்குங்கள். நீர்மட்டம் மெல்ல இறங்கினால் ஆறு பக்கவாட்டில் அலைந்து வண்டலைத் தானே அரித்துச் செல்லும். சால்மன் மீன் ஏறும் மாதங்களில் இயந்திரத்தை நிறுத்துங்கள். காலக்கெடு நெருங்கினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

• ஆற்றங்கரை மக்களைத் திட்டத்தின் முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். எல்வாவின் கிளாலம் பழங்குடியினர் தங்கள் இனம் தோன்றிய இடம் என்று போற்றும் பாறை, நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் 2012இல் அதை மீண்டும் கண்டார்கள். எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

• இன்னோர் அணையின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 அக்டோபரில் அதே வாஷிங்டன் மாநிலத்தின் காண்டிட் அணையை அகற்ற, அதன் அடியில் வெடிவைத்துத் திறந்தார்கள். இரண்டொரு மணி நேரத்தில் ஏரி வடிந்துவிட்டது. அது அந்த இடத்துக்காக ஆராய்ந்து எடுத்த முடிவு.

• வடிந்த ஏரியின் சேற்றை நம்பாதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே குழைந்திருக்கும். அமெரிக்காவின் கிளாமத் நதியில் அணைகளை அகற்றுவதற்காக 2024 ஜனவரியில் காப்கோ ஏரியை வடித்தபோது, மான்கள் அதில் இறங்கிச் சிக்கி உயிர்விட்டன. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் கண்காணிக்க ஆளும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

• வெற்று மண்ணைக் களைகளுக்கு விடாதீர்கள். கிளாமத்தில் யூரோக் மக்கள் இடிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மண்ணின் செடிகளிலிருந்து விதை சேகரிக்கத் தொடங்கினார்கள். அணை போன பிறகு விதை தேடினால் காலம் கடந்திருக்கும்.

• ஆறு கலங்கி ஓடும் என்பதை ஊருக்கு மறைக்காதீர்கள்.

• மீன் திரும்பியது என்று கேட்டதும் தூண்டிலை எடுக்காதீர்கள். எல்வாவில் 2011இல் மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள். பழங்குடியினரே சடங்குக்கும் சொந்த உணவுக்குமாகச் சிறிதளவு கோஹோ சால்மன் பிடித்தது 2023இல்தான்.